ஆக்செஸ் திறந்தாலே எஸ்க்யூஎல் சர்வருக்குள் லாகின் ஆக: தொடங்குபவர்களுக்கான விளக்கம்

அலுவலகத்தில் ஒரு மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் டேட்டாபேஸ் ஃபைல் இருக்கிறது. ஸ்டாக், பில், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அதில்தான். பல வருடம் நன்றாகவே ஓடியது. ஃபைல் பெருத்து 2 ஜிபி வரம்பை நெருங்கியது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறந்தால் அடிக்கடி கெட்டுப்போகவும் ஆரம்பித்தது. விவரம் தெரிந்த ஒருவர் டேபிள்களை மட்டும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற பெரிய டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாற்றிக் கொடுத்தார். ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் பழையபடி ஆக்செஸிலேயே இருக்கின்றன. டேட்டா கெடுவது நின்றது. ஆனால் காலையில் ஃபைலைத் திறந்து முதல் ஃபார்மைத் தொட்டதும் ஒரு சின்னப் பெட்டி வந்து லாகின் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கிறது.

ஒரு வாரத்துக்குள் அந்தப் பாஸ்வேர்டு ஒரு சீட்டில் ஏறி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, "இது தானாகவே லாகின் ஆகிற மாதிரி பண்ண முடியாதா?" என்று யாராவது கேட்பார்கள். முடியும். அதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் ரொம்பச் சுலபமாகக் கைக்கு எட்டுவதுதான் ரொம்ப மோசமான வழி. அதனால் எந்த பட்டனை அழுத்துவது என்று தேடுவதற்கு முன்னால், அந்தப் பெட்டி ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம்.

பெட்டி எங்கிருந்து வருகிறது?

ஆக்செஸுக்கும் சர்வருக்கும் நடுவே ஓடிபிசி டிரைவர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆக்செஸுக்கு எஸ்க்யூஎல் சர்வரின் மொழி நேரடியாகத் தெரியாது. டிரைவர்தான் இரண்டு பக்கமும் பேசிக் காரியத்தை முடிக்கிறது. சர்வரில் இருக்கும் ஒரு டேபிளை ஆக்செஸுக்குள் லிங்க் செய்யும்போது டேட்டா எதுவும் நம் கணினிக்கு வருவதில்லை. அது எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், எந்த டேபிள், எந்த டிரைவர் வழியாகப் போக வேண்டும் என்ற விலாசம் மட்டும் ஆக்செஸ் ஃபைலில் எழுதப்படுகிறது. இந்த விலாசத்தைத்தான் கனெக்‌ஷன் ஸ்டிரிங் என்கிறோம். பார்வைக்கு அது ஒரு நீளமான வரி:

டிரைவர் = ஓடிபிசி டிரைவர் 18 ஃபார் எஸ்க்யூஎல் சர்வர்; சர்வர் = கணக்குசர்வர்; டேட்டாபேஸ் = கிடங்கு; …

(கணினியில் இதை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். வடிவம் புரிவதற்காக இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.)

லிங்க் செய்த டேபிளை இரட்டை கிளிக் செய்ததும் ஆக்செஸ் இந்த வரியை டிரைவரிடம் கொடுக்கிறது. டிரைவர் வழக்கமாக 1433 என்ற போர்ட் எண்ணில் சர்வரைத் தொடர்புகொள்கிறது. "யார் நீ?" என்று சர்வர் கேட்கிறது. பதில் அந்த வரியிலேயே இருந்தால் டிரைவர் சொல்லிவிடும். இல்லையென்றால் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து உங்களிடம் கேட்கும். ஆக, அந்தப் பெட்டி ஆக்செஸ் போட்டதும் இல்லை, சர்வர் போட்டதும் இல்லை. பதில் தெரியாமல் டிரைவர் போட்டது.

தானாக லாகின் ஆக வேண்டும் என்றால், சர்வரின் இந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது பதில் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஃபைல் செய்யலாம், விண்டோஸ் செய்யலாம், அல்லது காலையில் ஒரே ஒரு தடவை உங்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன விபிஏ நிரல் (ஆக்செஸுக்குள்ளேயே எழுதும் நிரல்) செய்யலாம். பாதுகாப்பு பற்றிய எல்லா விஷயமும் இந்த மூன்றில் யாரை நம்புகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஃபைலிடம் பாஸ்வேர்டைக் கொடுத்தால்

டேபிளை லிங்க் செய்யும் திரையில் 'சேவ் பாஸ்வேர்டு' என்று ஒரு செக்பாக்ஸ் இருக்கும். அதை டிக் செய்தால் பெட்டி வருவது அன்றோடு நின்றுவிடும். டிக் செய்யும்போதே, பாஸ்வேர்டு குறியாக்கம் செய்யப்படாமல்தான் ஃபைலில் சேமிக்கப்படும் என்று ஆக்செஸ் ஓர் எச்சரிக்கையும் காட்டும். அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை.

அந்த எச்சரிக்கைக்கு என்ன அர்த்தம் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆக்செஸின் நேவிகேஷன் ஆப்ஷன்ஸில் போய் சிஸ்டம் ஆப்ஜெக்ட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் என்ற டேபிள் மங்கலாகத் தெரியும். அதைத் திறந்து 'கனெக்ட்' என்ற பத்தியைக் கொஞ்சம் அகலமாக இழுத்துப் பாருங்கள். லிங்க் செய்த ஒவ்வொரு டேபிளின் வரிசையிலும் கனெக்‌ஷன் ஸ்டிரிங் முழுசாக இருக்கும். அதன் கடைசியில் யூஐடி என்று யூசர்நேம், அதை அடுத்து பிடபிள்யூடி என்று பாஸ்வேர்டு. நட்சத்திரக் குறி கிடையாது, குறியாக்கம் கிடையாது. நாற்பது டேபிள் லிங்க் செய்திருந்தால் நாற்பது தடவை எழுதியிருக்கும்.

இப்போது அந்த ஃபைல் எங்கெல்லாம் போகிறது என்று யோசியுங்கள். வீட்டில் பார்க்க ஒருவர் பென்டிரைவில் எடுத்துப்போகிறார். ரிப்போர்ட் சரியாக வரவில்லை என்று இன்னொருவர் மெயிலில் அனுப்புகிறார். பழைய கணினியை விற்கும்போது அதிலேயே ஒரு பிரதி தங்கிவிடுகிறது. ஃபைல் போகிற இடமெல்லாம் சர்வரின் சாவியும் கூடவே போகிறது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், எல்லாருடைய கணினியிலும் எல்லா டேபிளையும் மறுபடி லிங்க் செய்தாக வேண்டும். அதற்குப் பயந்தே பல இடங்களில் வருடக்கணக்காக யாரும் பாஸ்வேர்டை மாற்றுவதில்லை.

சிலர் விபிஏ நிரலுக்குள் பாஸ்வேர்டை எழுதி, ஃபைலை ஏசிசிடிஇ வடிவில் மாற்றிக் கொடுப்பார்கள். ஏசிசிடிஇயில் நிரலின் மூல வரிகள் நீக்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் மேற்கோள் குறிக்குள் எழுதிய சொற்கள் ஃபைலுக்குள் அப்படியே இருக்கும். தேடத் தெரிந்தவருக்கு அவை கிடைத்துவிடும். ஃபைல் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், தொடக்கத்தில் ஓட வேண்டிய மேக்ரோ எதுவும் ஓடாது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். அல்லோபைபாஸ்கீ என்ற பண்பை மாற்றி இதைத் தடுக்கலாம். ஆனால் விவரம் தெரிந்தவர் வேறொரு ஆக்செஸ் ஃபைலில் இருந்தபடியே அந்தப் பண்பைத் திரும்ப மாற்றிவிட முடியும். இதெல்லாம் தவறுதலாகக் கை வைப்பவரைத் தடுக்கும். வேண்டுமென்றே தேடுபவரைத் தடுக்காது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. டேட்டாபேஸில் எம்சிஸ்கான்ஃப் என்ற பெயரில் ஒரு சின்ன டேபிள் உருவாக்கி, அதில் கான்ஃபிக் என்ற பத்தியில் 101 என்றும் மதிப்புக்கான பத்தியில் 0 என்றும் ஒரு வரிசை சேர்த்துவிட்டால், அந்த டேட்டாபேஸுக்கு லிங்க் செய்யும்போது பாஸ்வேர்டைச் சேமிக்க ஆக்செஸ் அனுமதிக்காது. ஒவ்வொரு கணினியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த இடத்தில் டிஎஸ்என் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். டிஎஸ்என் என்பது கனெக்‌ஷன் விவரத்தை விண்டோஸில் ஒரு பெயரில் சேமித்து வைப்பது. அதை உருவாக்கும் திரையில் லாகின் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும், நீங்களும் கொடுப்பீர்கள், டெஸ்ட் செய்தால் வெற்றி என்று வரும். ஆனால் ஆக்செஸ் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். எதுவும் பழுதில்லை. எஸ்க்யூஎல் சர்வர் டிரைவர் அந்தப் பாஸ்வேர்டை சர்வரிடமிருந்து சில அமைப்புகளை வாங்குவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறது, டிஎஸ்என்னில் சேமிப்பதில்லை. இன்னொன்று: ஆக்செஸ் 32 பிட் என்றால் டிஎஸ்என்னும் 32 பிட் ஓடிபிசி நிர்வாகி என்ற விண்டோஸ் நிரலில் உருவாக்கியதாக இருக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் அந்த 32 பிட் நிர்வாகி சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரிலும், 64 பிட் நிர்வாகி சிஸ்டம்32 என்ற ஃபோல்டரிலும் இருக்கின்றன. எண்கள் தலைகீழாகத் தெரியும், ஆனால் அப்படித்தான். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் டிஎஸ்என் இல்லாமல் முழு கனெக்‌ஷன் ஸ்டிரிங்கையே டேபிள்களுக்குக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு கணினியிலும் போய் அமைக்கும் வேலை மிச்சம் என்பதால் எனக்கு அதுதான் பிடித்த வழி.

விண்டோஸிடம் விட்டுவிடுவது

நீங்கள் காலையில் கணினியைத் திறக்கும்போதே விண்டோஸுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் யார் என்று அதற்குத் தெரியும். அப்புறம் சர்வர் எதற்குத் தனியாக இன்னொரு பாஸ்வேர்டு கேட்க வேண்டும்? இந்த எண்ணத்தில் வந்ததுதான் விண்டோஸ் ஆத்தென்டிகேஷன். கனெக்‌ஷன் ஸ்டிரிங்கில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் இருக்க வேண்டிய இடத்தில் 'டிரஸ்டட் கனெக்‌ஷன் = யெஸ்' என்று எழுதிவிட்டால் போதும். பெட்டி வராது, ஃபைலில் ரகசியம் எதுவும் இருக்காது. ஃபைலைத் தெருவில் போட்டுவிட்டு வந்தாலும் எடுத்தவரால் அதை வைத்து உங்கள் சர்வருக்குள் போக முடியாது.

எல்லாருடைய விண்டோஸ் கணக்கையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் இருக்கும் அலுவலகங்களில் இதன் பின்னால் கெர்பரோஸ் என்ற முறை வேலை செய்கிறது. 1980களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவானது இது. விண்டோஸ் 2000 வந்ததிலிருந்து டொமைன்களில் முதல் தேர்வு இதுதான். கோயிலில் சிறப்பு தரிசனத்துக்குக் கவுன்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோம். வாசலில் நிற்பவர் டிக்கெட்டை மட்டும்தான் பார்க்கிறார், நாம் எவ்வளவு பணம் வைத்திருக்கிறோம் என்று பர்ஸைத் திறந்து பார்ப்பதில்லை. அதே மாதிரி, டொமைனை நடத்தும் கணினியான டொமைன் கன்ட்ரோலர் உங்களை ஒருமுறை சரிபார்த்து டிக்கெட் கொடுக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் அந்த டிக்கெட்டைத்தான் பார்க்கிறது. உங்கள் பாஸ்வேர்டு எஸ்க்யூஎல் சர்வருக்குப் போவதே இல்லை. கெர்பரோஸ் ஒத்துவராத சூழலில் என்டிஎல்எம் என்ற பழைய முறைக்கு விண்டோஸ் இறங்கிக்கொள்ளும். டிக்கெட்டில் நேரம் குறிக்கப்பட்டிருப்பதால், உங்கள் கணினியின் கடிகாரம் டொமைன் கன்ட்ரோலரோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் கெர்பரோஸ் மறுத்துவிடும். நேற்றுவரை சரியாக ஓடியது இன்று திடீரென்று 'எஸ்எஸ்பிஐ' என்று ஏதோ பிழை காட்டினால், முதலில் திரையின் மூலையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

சர்வர் பக்கம் செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சேர்ப்பதைவிட, ஆக்டிவ் டைரக்டரியில் 'கிடங்குப் பணியாளர்' என்பது போல ஒரு குரூப் அமைத்து, அந்தக் குரூப்புக்கு எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு லாகின் உருவாக்குங்கள். பிறகு அந்த லாகினுக்கு டேட்டாபேஸுக்குள் ஒரு யூசர் உருவாக்குங்கள். லாகினும் யூசரும் வேறு வேறு என்பது இங்கே முக்கியம். லாகின் என்பது சர்வரின் வெளிவாசலில் சரிபார்க்கப்படுவது. யூசர் என்பது அதற்கு உள்ளே ஒவ்வொரு டேட்டாபேஸிலும் இருப்பது. லாகின் மட்டும் இருந்து யூசர் இல்லையென்றால் சர்வருக்குள் வரலாம், ஆனால் டேட்டாபேஸைத் திறக்க முடியாது. குரூப் வைத்திருப்பதன் பலன், ஆள் மாறும்போது தெரியும். புதிதாக வருபவரைக் குரூப்பில் சேர்க்கிறோம், வேலையை விட்டுப் போனவரை நீக்குகிறோம். ஆக்செஸ் ஃபைலையோ எஸ்க்யூஎல் சர்வரையோ தொட வேண்டியதே இல்லை. குரூப்பில் சேர்த்த பிறகும் ஒருவருக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால், அவரை விண்டோஸிலிருந்து லாக்ஆஃப் செய்து மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறோம் என்ற விவரம் உள்ளே வரும் அந்த நேரத்தில்தான் எழுதப்படுகிறது.

டொமைன் இல்லாத சின்ன அலுவலகத்திலும் இதை ஓரளவு செய்யலாம். சர்வராக இருக்கும் கணினியிலும் உங்கள் கணினியிலும் ஒரே யூசர்நேம், ஒரே பாஸ்வேர்டில் லோக்கல் கணக்குகள் இருந்தால் என்டிஎல்எம் வழியாக விண்டோஸ் ஆத்தென்டிகேஷன் வேலை செய்யும். ஆனால் ஒரு பக்கம் பாஸ்வேர்டை மாற்றினால் மறுபக்கமும் மறக்காமல் மாற்ற வேண்டும். நாலைந்து கணினி வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் கஷ்டம். விண்டோஸ் ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்கவே முடியாது என்பதால், கணினி வாங்கும்போதே ப்ரோ பதிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது.

உள்ளே விடவில்லை என்றால் பெரும்பாலும் 18456 என்ற பிழை எண் வரும். உங்கள் திரையில் அதனுடன் ஸ்டேட் 1 என்றுதான் எப்போதும் காட்டும். வெளியாளுக்குத் துப்பு கொடுக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி. உண்மையான காரணம் சர்வரின் எரர் லாகில் இருக்கும். அங்கே ஸ்டேட் 5 என்றால் அப்படி ஒரு லாகினே இல்லை, 8 என்றால் பாஸ்வேர்டு தவறு, 38 என்றால் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. இந்த மூன்று எண்ணைத் தெரிந்து வைத்திருந்தாலே நிறைய நேரம் மிச்சமாகும்.

விண்டோஸ் வழியில் பலர் யோசிக்காமல் விடும் ஒரு பக்கமும் இருக்கிறது. சர்வர் அனுமதி கொடுப்பது ஆளுக்கு, ஆக்செஸ் ஃபைலுக்கு இல்லை. ஃபார்மில் 'டிலீட்' பட்டனை நீங்கள் மறைத்து வைத்திருக்கலாம். ஆனால் அதே ஆள் எக்செல்லைத் திறந்து அதே சர்வரோடு இணைந்தால், அவருக்கு டேபிளில் என்ன உரிமை இருக்கிறதோ அது அங்கேயும் இருக்கும். வேறொரு புது ஆக்செஸ் ஃபைலில் டேபிளை லிங்க் செய்து வரிசைகளை நேரடியாக அழித்துவிடவும் முடியும். அதனால் எதைத் தடுக்க நினைக்கிறீர்களோ அதைச் சர்வரிலேயே தடுங்கள். அழிக்கக் கூடாத டேபிளில் டிலீட் உரிமையே கொடுக்க வேண்டாம். முழு டேபிளும் தெரிய வேண்டாம் என்றால் வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் வியூ ஒன்றை உருவாக்கி அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 'அப்ளிகேஷன் ரோல்' என்று, குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும் உரிமை தரும் ஒரு வசதி எஸ்க்யூஎல் சர்வரில் உண்டு. படித்ததும் இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றும். ஆனால் அதை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக இயக்க வேண்டும். ஆக்செஸோ தன் இஷ்டத்துக்குப் பல இணைப்புகளைத் திறக்கும். லிங்க் செய்த டேபிள்களோடு அது ஒத்துப்போவதில்லை.

விண்டோஸ் உதவாத இடத்தில்

எல்லா இடத்திலும் விண்டோஸ் வழி நடக்காது. சர்வர் வேறொரு நிறுவனத்தின் ஹோஸ்டிங்கில் இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் கிளவுடில் ஓடும் அஷ்யூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் என்றால் பழைய விண்டோஸ் ஆத்தென்டிகேஷனை அது ஏற்காது, அங்கே என்ட்ரா ஐடி என்ற கிளவுட் கணக்கோ எஸ்க்யூஎல் லாகினோ தேவை. இன்னும் சகஜமான ஒன்று: ஒரே கணினியில், ஒரே விண்டோஸ் கணக்கில் மூன்று ஷிஃப்ட் ஆட்கள் மாறி மாறி உட்காருவார்கள். அங்கே விண்டோஸ் வழியைப் போட்டால் மூன்று பேரும் சர்வருக்கு ஒரே ஆளாகத் தெரிவார்கள். யார் பில்லைத் திருத்தினார்கள் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் எஸ்க்யூஎல் சர்வரிலேயே உருவாக்கிய யூசர்நேமும் பாஸ்வேர்டும் தேவைப்படும். அவற்றை ஃபைலில் எழுதாமல், ஒவ்வொரு டேபிளுக்கும் பெட்டியும் வராமல் பார்த்துக்கொள்ள ஆக்செஸின் ஒரு பழக்கத்தைப் பயன்படுத்தலாம்.

ஆக்செஸ் ஒரு சர்வரோடு ஒருமுறை வெற்றிகரமாக இணைந்துவிட்டால், அந்த இணைப்பின் லாகின் விவரத்தைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு வேறொரு டேபிளைத் திறக்கும்போது, அதன் கனெக்‌ஷன் ஸ்டிரிங்கில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் இல்லையென்றாலும், டிரைவரும் சர்வரும் டேட்டாபேஸும் ஒன்றாக இருந்தால் பழைய விவரத்தையே எடுத்துக்கொள்ளும். ஆக்செஸை மூடும்வரை இது நீடிக்கும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான். முதல் இணைப்பை மட்டும் பாஸ்வேர்டோடு நாமே திறந்துவிட்டால், மீதி எல்லா டேபிளும் கேள்வி கேட்காமல் திறக்கும்.

செய்முறை இப்படி. முதலில் எல்லா டேபிளையும் யூஐடி, பிடபிள்யூடி இரண்டும் இல்லாத கனெக்‌ஷன் ஸ்டிரிங்கோடு லிங்க் செய்யுங்கள். எந்த டேபிளோடும் இணைக்கப்படாத ஒரு சின்ன லாகின் ஃபார்ம் தயார் செய்யுங்கள். அதில் இரண்டு டெக்ஸ்ட்பாக்ஸ், ஒரு பட்டன். பாஸ்வேர்டு பெட்டிக்கு இன்புட் மாஸ்க்கில் பாஸ்வேர்டு என்று கொடுத்தால் நட்சத்திரமாகத் தெரியும். ஃபைல் திறந்ததும் முதலில் இந்த ஃபார்ம் வரும்படி ஸ்டார்ட்அப் ஃபார்மாக அமையுங்கள், அல்லது ஆட்டோஎக்செக் என்ற பெயரில் ஒரு மேக்ரோ எழுதுங்கள். அந்தப் பெயரில் இருக்கும் மேக்ரோவை ஆக்செஸ் தானே தேடி ஓட்டும்.

பட்டனை அழுத்தியதும் விபிஏ செய்ய வேண்டியது: டேபிள்களுக்குக் கொடுத்த அதே கனெக்‌ஷன் ஸ்டிரிங்கை எடுத்து, கடைசியில் ஃபார்மில் அடித்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் சேர்க்க வேண்டும். பெயர் இல்லாத ஒரு தற்காலிக குவரிடெஃப் (விபிஏவில் ஒரு குவரியைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) உருவாக்கி, அதன் கனெக்ட் பண்பில் அந்த வரியைக் கொடுக்க வேண்டும். 'செலக்ட் 1' போன்ற ஒன்றுமில்லாத ஒரு குவரியை அதில் ஓட்டினால் போதும். பெயர் இல்லாத குவரிடெஃப் ஃபைலில் சேமிக்கப்படாது என்பதால் பாஸ்வேர்டு வட்டில் எங்கும் எழுதப்படுவதில்லை. குவரி ஓடிவிட்டால் லாகின் ஃபார்மை மூடி மெயின் ஃபார்மைத் திறங்கள். 3151 என்ற பிழை வந்தால் இணைப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டு தவறாக இருந்தால் இந்த இடத்தில் டிரைவரின் பழைய பெட்டி எட்டிப்பார்க்கும். அது வேண்டாம் என்றால் விபிஏவிலிருந்து டேட்டாபேஸோடு இணையும் இன்னொரு வழியான ஏடிஓ மூலம் ஒருமுறை இணைந்து சோதித்துவிட்டு, வெற்றி என்றால் மட்டும் குவரிடெஃபுக்குப் போங்கள்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். டேபிளின் ஸ்டிரிங்கில் சர்வரைப் பெயரால் எழுதி, லாகின் நிரலில் ஐபி முகவரியால் எழுதினால் ஆக்செஸுக்கு அவை இரண்டும் வேறு சர்வர்கள். பெட்டி மறுபடி வரும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இரண்டாவது, நினைவகத்தில் இருக்கும் விவரத்தை நடுவில் அழிக்க வழி இல்லை. ஷிஃப்ட் மாறும்போது ஃபைலை மட்டும் மூடிவிட்டு அடுத்தவர் திறந்தால், முதல் ஆளின் லாகினே தொடரும். ஆக்செஸையே முழுசாக மூட வேண்டும். மெயின் ஃபார்மில் 'வெளியேறு' பட்டன் ஒன்றை வைத்து அது ஆக்செஸையே மூடும்படி செய்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு அடிக்கிறோமே, இது எப்படித் தானியங்கி ஆகும் என்று கேட்கலாம். அந்த ஒரு தடவையும் வேண்டாம் என்றால், பாஸ்வேர்டை விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற பாஸ்வேர்டு பெட்டகத்தில் வைத்து விபிஏ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். அங்கே அது குறியாக்கம் செய்யப்பட்டு, அந்த விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். ஆக்செஸ் ஃபைலை மட்டும் எடுத்துப்போனவருக்கு அது கிடைக்காது. ஆனால் பலர் பகிரும் கணினியில் இதைச் செய்தால், முன்பு சொன்ன அதே பிரச்சினைதான் திரும்ப வரும். அங்கே ஒரு தடவை அடிப்பதே சரி என்பது என் கருத்து.

எஸ்க்யூஎல் சர்வருக்குப் பதிலாக போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துபவர்களுக்கு, இதே வேலைக்கு பிஜிபாஸ் என்ற ஃபைல் உண்டு. சர்வர், போர்ட், டேட்டாபேஸ், யூசர், பாஸ்வேர்டு என்று ஒரே வரியில் எழுதி அவரவர் சொந்த ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் அந்த ஃபைலை மற்றவர் படிக்க அனுமதி இருந்தால் போஸ்ட்கிரஸ் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

எந்தப் பெயரில் உள்ளே போகிறோம்?

எந்த வழியில் போனாலும் 'எஸ்ஏ' கணக்கில் மட்டும் போகாதீர்கள். அது சர்வரின் முழு நிர்வாகி. எதையும் அழிக்கலாம், யாரையும் சேர்க்கலாம், எந்த டேட்டாபேஸையும் திறக்கலாம். சோதனை நேரத்தில் சுலபமாக இருக்கிறது என்று எஸ்ஏவைப் போட்டு லிங்க் செய்துவிட்டு அப்படியே ஊழியர்களுக்குக் கொடுத்துவிடும் இடங்கள் நிறைய இருக்கின்றன. 2002 மே மாதம் ஸ்பைடா என்ற வார்ம் (தானாகவே பரவும் கெடுதல் நிரல்) பரவியது. இணையத்தில் எட்டும் எஸ்க்யூஎல் சர்வர்களைத் தேடிப்போய், எஸ்ஏவுக்குப் பாஸ்வேர்டே வைக்காத சர்வர்களுக்குள் அது நுழைந்தது. நுழைய அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பில் போடும் ஃபைலுக்கு பில் டேபிள்களில் படிக்கவும் எழுதவும் உரிமை உள்ள தனி லாகின் போதும். அந்தப் பாஸ்வேர்டு வெளியே போனாலும் சேதம் அந்த டேபிள்களோடு நிற்கும்.

பாஸ்வேர்டு வழியில் போகும்போது அது நெட்வொர்க்கில் எப்படிப் பயணிக்கிறது என்பதும் முக்கியம். பழைய எஸ்க்யூஎல் சர்வர் காலத்தில் பாஸ்வேர்டின் பைட்டுகளைக் கொஞ்சம் புரட்டிப்போட்டு அனுப்புவார்கள். திருப்பி எடுப்பது ரொம்பச் சுலபம். 2005 பதிப்பிலிருந்து லாகின் நேரத்துத் தகவலாவது குறியாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. 2022இல் வந்த ஓடிபிசி டிரைவர் 18 இன்னும் ஒரு படி மேலே போய், நீங்கள் கேட்காமலேயே முழு இணைப்பையும் குறியாக்கம் செய்யச் சொல்கிறது. அதனால்தான் டிரைவர் 17இலிருந்து 18க்கு மாறியதும் பல இடங்களில் சர்வரின் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட் நம்பகமானது இல்லை என்று பிழை வருகிறது. 'டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட் = யெஸ்' என்று போட்டால் பிழை போய்விடும். ஆனால் மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே உங்கள் சர்வர்தானா என்ற சோதனையும் அதோடு போய்விடும். அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் சர்வருக்குத் தற்காலிகமாக அப்படிச் செய்யலாம். இணையம் வழியாகப் போகும் இணைப்பில் வேண்டவே வேண்டாம். சர்வரில் முறையான சர்டிஃபிகேட் போடுங்கள்.

பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு பேக்கப்பை ரீஸ்டோர் செய்த மறுநாள் யாராலும் லாகின் ஆக முடியவில்லை என்பது இன்னொரு வழக்கமான புகார். எஸ்க்யூஎல் லாகின்கள் சர்வரில் இருப்பவை. டேட்டாபேஸ் பேக்கப்பில் அவை வராது, யூசர்கள் மட்டும்தான் வருவார்கள். புது சர்வரில் அதே பெயரில் லாகின் உருவாக்கினாலும், உள்ளே இருக்கும் எஸ்ஐடி என்ற அடையாள எண் பொருந்தாது. 'ஆல்ட்டர் யூசர்' கட்டளையில் 'வித் லாகின்' சேர்த்து அந்த யூசரைப் புது லாகினோடு இணைத்துவிட்டால் சரியாகிவிடும். டொமைன் குரூப்புகளுக்கு இந்தப் பிரச்சினை வராது, அவற்றின் எஸ்ஐடி டொமைனிலிருந்து வருகிறது. புது சர்வரில் அந்தக் குரூப்புக்கு லாகினை மட்டும் மறுபடி உருவாக்கினால் போதும்.

எல்லாம் அமைத்த பிறகு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஆக்செஸில் ஒரு பாஸ்-த்ரூ குவரி (சர்வருக்கு அப்படியே அனுப்பப்படும் குவரி) உருவாக்குங்கள். அதற்கு டேபிள்களின் அதே கனெக்‌ஷன் ஸ்டிரிங்கைக் கொடுத்து, 'செலக்ட் எஸ்யூசர்_எஸ்நேம்()' என்று எழுதி ஓட்டுங்கள். சர்வர் உங்களை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பெயர் வரும். டொமைன் பெயரோடு உங்கள் விண்டோஸ் பெயர் வந்தால் விண்டோஸ் வழி வேலை செய்கிறது. காலையில் ஃபார்மில் அடித்த பெயர் வந்தால் அதுவும் சரி. எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே பெயர் வருகிறது, அதுவும் எஸ்ஏ என்றால், எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸைத் திறந்து கனெக்ட் பத்தியை ஒருமுறை பாருங்கள்.